மாடிக் குடித்தனத்துக்கும் மீட்டர் வேண்டும்

நாம் வாங்கும் சிலிண்டருக்காவது எடை தெரியும், 14.2 கிலோ. தாராவியில் ஏணி ஏறி மாடியில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு, தாங்கள் எரித்த மின்சாரத்தின் உண்மை விலை தெரியாது! கீழும் மேலுமாய் மூன்று குடித்தனம், மீட்டரோ ஒன்று.

தாராவிக்கு மின்சாரம் தரும் பெஸ்ட், வீட்டுக் கட்டணத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது. முதல் 100 யூனிட் மலிவு. 101 முதல் 300 வரை அதிகம். அதற்குமேல் இன்னும் அதிகம். ஒவ்வொரு குடித்தனமும் மாதம் 90 யூனிட் எரித்தால், தனித்தனி மீட்டரில் எல்லாமே மலிவுப் படியில் அடங்கும். ஒரே மீட்டரில் 270 ஆகி, 170 யூனிட் மேல்படிக்குப் போய்விடுகிறது. ஏழைக்கென்று வைத்த சலுகை ஏழைக்கே எட்டவில்லை!

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம். பிறகேன் தடை? மின் ரசீது குடியிருப்புக்குச் சான்று. தாராவி மறுசீரமைப்பில் பங்கு கேட்டுவிடுவார்களோ என்று வீட்டுக்காரர் அஞ்சுகிறார். அவர்களில் நம் நெல்லைச் சீமைக்காரர்களும் உண்டு, வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

அடுத்த பதினோரு மாதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் தனி மீட்டர் பேச்சை எடுங்கள், தோழர்களே. மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள். பேச நாங்களும் உடன் வருகிறோம்.