சூதும் வியூகமும்

கணினித் திரையின்முன் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்ட மாத்திரத்தில், அவன் ஆடுவது யாது என்று குனிந்து பாராமலேயே, ‘சூதாட்டத்தில் விழுந்துவிட்டான்’ என்று தீர்ப்பளித்துவிடும் வழக்கம் சங்கரன்கோவில் போன்ற நம் ஊர்களில் வேரூன்றிவருகிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரம்மி என்றும் போக்கர் என்றும் கைப்பேசி வழியே இல்லம் புகுந்த பண ஆட்டங்கள் எத்தனையோ குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியதையும், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டதையும் தமிழகம் கண்ணாரக் கண்டது. அந்தத் துயரமே 2022-ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தைப் பிறப்பித்தது. பின்னர் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, பணத்தைப் பந்தயமாக வைக்கும் இணைய ஆட்டங்களைத் தடை செய்ததோடு நில்லாமல், இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து அங்கீகரிக்கவும் செய்தது. சட்டம் கண்டுகொண்ட இந்தப் பேதத்தை நம் இல்லங்கள் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பதே என் குறை.

நான் இங்கே பரிந்து பேச எடுத்துக்கொண்டது நிகழ்நேர வியூக ஆட்டம் என்னும் வகை. அதன் உத்தமமான உதாரணம், அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ஸ்டார்கிராஃப்டும், 2010-இல் வந்த அதன் இரண்டாம் பாகமும். கதை நிகழ்வது சில நூற்றாண்டுகளுக்கு அப்பால், நட்சத்திர மண்டலங்களில். சாரமோ பலசரக்குக் கடைக் கணக்குப்பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. தாதுவும் வாயுவுமாகிய இரண்டே செல்வங்கள் நிலத்தில் கிடக்கின்றன. அவற்றை வெட்டிச் சேர்க்கும் உழைப்பாளியை உண்டாக்குவதா, எல்லையைக் காக்கும் வீரனை உண்டாக்குவதா என்ற கேள்வி ஆட்டம் முழுவதும் ஆடுபவனை விடாமல் துரத்துகிறது. உழைப்பாளிகளையே பெருக்கியவன் செல்வந்தனாகி முதற் படையெடுப்பிலேயே மாள்வான். வீரர்களையே பெருக்கியவன் முதற் போரில் வென்றாலும் பத்தாம் நிமிஷத்தில் தரித்திரனாவான். இரண்டுக்கும் அஞ்சிச் செல்வத்தைச் செலவிடாமல் பூட்டிவைத்தவனோ எல்லாருக்கும் முன்பே தோற்பான். சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் அனைத்தும் கண்முன் நிற்கின்றன, நாம் யோசித்து முடிக்கும்வரை அவனும் காத்திருக்கிறான். இங்கேயோ அவன் பாசறையை இருள் மூடியிருக்கிறது. ஒற்றனை அனுப்பி, பல சமயம் அவனையே பறிகொடுத்து, அரைகுறையாக அறிந்துகொண்டதைக் கொண்டு முடிவெடுத்தாக வேண்டும். அந்த அவகாசத்துக்குள் எதிரியும் சும்மா இருப்பதில்லை.

இதை அந்நியச் சரக்கு என்று ஒதுக்குவாருக்கு, நம் நாட்டுக் கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் கீறிவைக்கப்பட்டிருக்கும் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை நினைவூட்டுவேன். 3 புலிகளும் 15 ஆடுகளும் பலத்தில் ஒவ்வாதவை, நகர்விலும் ஒவ்வாதவை. ஆயினும் சாமர்த்தியமாக ஆடுகிறவனுக்கு இரு பக்கத்திலும் ஜயம் உண்டு. ஸ்டார்கிராஃப்டிலும் மனிதராகிய டெர்ரான், புழுக்களாய்ப் பல்கும் செர்க், எண்ணிக்கையில் குறைந்து வலிமையில் மிகுந்த புரோட்டாஸ் என்று ஒன்றுக்கொன்று ஒவ்வாத மூன்று இனங்கள் மோதுகின்றன. அம்மூன்றுக்கும் நியாயமான சமநிலை வகுப்பதற்காக அதை உருவாக்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் விதிகளைத் திருத்தித் திருத்தி உழைத்திருக்கிறார்கள். ஆடுபுலியில் அதே சமநிலையை வகுத்த நம் பாட்டன் யாரென்பதோ நமக்குத் தெரியாது.

தென்கொரியாவில், 1997-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை அடுத்துத் தெருவெங்கும் முளைத்த பிசி பாங் என்னும் கணினிக் கூடங்களில் ஸ்டார்கிராஃப்ட் தேசிய விநோதமாகவே வளர்ந்தது. இதை ஒளிபரப்பும் தொலைக்காட்சி அலைவரிசைகளும் தோன்றின. விமானப்படையே 2007-இல் ஓர் அணியை அமைத்தது. அதே கொரியாவில் 2010-இல், பந்தயக்காரரோடு கூட்டுச் சேர்ந்து வேண்டுமென்றே தோற்ற ஆட்டக்காரர்கள் அம்பலமாகி, முன்னணி வீரர் உள்பட ஆயுட்காலத் தடைக்கு ஆளாயினர். சூது தீண்டினால் வியூக ஆட்டமும் பாழாகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் எதற்கு? 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்த ஆட்டம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. சதுரங்கத்தையும் கோ ஆட்டத்தையும் இயந்திரம் வென்ற பின்னர், செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் ஆய்வாளர்கள் அடுத்த பரீட்சையாகத் தேர்ந்தெடுத்ததும் இதையே. 2019-இல்தான் அவர்களுடைய ஆல்ஃபாஸ்டார் என்னும் நிரல் உயர்நிலை ஆட்டக்காரரின் தரத்தை எட்டிற்று.

குறை இல்லாத விளையாட்டு அன்று இது. நித்திரையைத் தின்னும், கண்ணையும் மணிக்கட்டையும் வருத்தும். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு; அதை விளக்க நம் வட்டாரத்தின் பழைய யுத்தங்களையே நினைவூட்டுகிறேன். சங்கரன்கோவிலுக்கு அருகே நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கோட்டை கட்டி ஆண்ட நிலம் இது. 1755-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரானின் படை அந்தக் கோட்டையைக் கைப்பற்ற முடியாமல் திரும்பிற்று. 1761-இல் கம்பெனித் தளபதி யூசுப்கானிடம் அது வீழ்ந்தது. பூலித்தேவர் சங்கரநாராயணர் ஆலயத்துள் புகுந்து மறைந்தார் என்பது இவ்வட்டாரத்தின் ஐதிகம். தானியம், ஒற்று, தருணம் ஆகியவற்றை அறிந்தே அந்த யுத்தங்களும் நடந்தன என்றாலும், அவற்றில் மாண்டவனுக்குத் தாய் இருந்தாள். திரையில் மடியும் படைக்கு அழ ஆளில்லை. தாது இருந்தால் அடுத்த நிமிஷமே வேறொரு படை. இந்த வித்தியாசத்தை ஆட்டம் தானாகக் கற்பிக்காது; வீட்டிலிருக்கும் பெரியவர்கள்தாம் எடுத்துச் சொல்லவேண்டும். சொல்வதற்கு, பையன் பக்கத்தில் ஒரு பத்து நிமிஷமாவது உட்கார்ந்து பார்த்திருக்கவும் வேண்டும்.

மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாடை நடத்திய மாநிலம் இது. சென்னையின் குகேஷ் 2024-இல் உலக சாம்பியனாகவும் ஆகிவிட்டார். சதுரங்கத்துக்குத் தந்த அந்த மதிப்பில் சிறு பங்கையாவது இதற்கும் தரலாகாதா? ஸ்டார்கிராஃப்டின் இரண்டாம் பாகத்தில் ஒருவரோடொருவர் மோதும் பகுதி 2017 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. நகராட்சிகள் எழுப்பிவரும் அறிவுசார் மையங்களில், வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, மேற்பார்வையோடும் கால வரம்போடும், தோற்ற ஆட்டத்தின் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்து எங்கே பிசகினோம் என்று விவாதிக்கும் நிபந்தனையோடும், இதை ஆடுவதற்கு இடம் தரவேண்டும் என்று சங்கரன்கோவில் நகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.