இளவரசியின் நகைகள்

கெய்ரோ என்றவுடன் நம் சமுதாயத்தார் நெஞ்சில் முதலில் எழுவது அல்-அஸ்ஹர். ஆயிரம் ஆண்டு கடந்த அப்பெருங்கூடத்தின் புகழுக்கு நாம் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால், நைலின் மேற்கே கீஸாவில் நிற்கும் கெய்ரோப் பல்கலைக்கழகத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. பேசவேண்டும் என்பது நம் கருத்து.

எகிப்து ஆங்கிலேயர் பிடியில் இருந்த காலத்தில், 1908 டிசம்பர் 21 அன்று, மக்கள் தந்த நன்கொடையால் தோன்றியது அது. அரசு அதனை ஏற்றது 1925இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பணமுடை வாட்டியபோது கைகொடுத்தவர் கெதீவ் இஸ்மாயீலின் மகள் இளவரசி ஃபாத்திமா. கட்டடத்திற்கு நிலம் ஈந்தார். விளைநிலங்களை வக்ஃபு செய்தார். தம் நகைகளையும் அளித்தார். அவ்வாறு அள்ளிக் கொடுத்த அம்மையார் 1920இல் மறைந்தார். பட்டம் பெறும் மாணவியராகப் பெண்கள் அங்கு நுழைந்ததோ 1920களின் இறுதியில்! பொன்னுக்குத் திறந்த கதவு பெண்ணுக்குத் திறக்க அத்தனை காலம் ஆயிற்று.

அவ்வாறு நுழைந்தவருள் ஒருவர் சுஹைர் அல்-கலமாவி. மருத்துவம் பயில விரும்பியவர், அரபுத் துறைக்கு வந்து சேர்ந்தார். (வேறிடம் கிட்டாமல் தமிழ்த்துறைக்கு வந்து, பின் தமிழை விட்டு அகலாத மாணவியரை நாமும் அறிவோம்.) அங்கே அவருக்கு வழிகாட்டியவர் தாஹா ஹுசைன். இளமையிலேயே பார்வை இழந்தவர். அப்பல்கலைக்கழகம் 1914இல் வழங்கிய முதல் டாக்டர் பட்டத்தைப் பெற்றவர். 1932இல் அரசு அவரைப் பதவியிலிருந்து அகற்றியபோது, தலைவர் லுத்ஃபி அஸ்-ஸையித் தாமும் பதவி துறந்தார். கற்பிப்பவரைக் காக்கும் நிருவாகம் எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சுஹைர் ஆய்ந்த பொருள் ஆயிரத்தோர் இரவுகள். கற்றோர் பலர் பாமரர் கதை என்று ஒதுக்கிய நூல் அது. அதன்வழி டாக்டர் பட்டம் பெற்றார். பின்னாளில் அதே அரபுத் துறையின் தலைமையும் அவரைத் தேடி வந்தது.

நம் இல்லங்களில் மகளுக்கென நகை சேர்க்கிறோம். அது அவள் மணநாளுக்கு. இளங்கலையில் முதலிடம் பெற்ற மாணவி முதுகலைக்கு வாராது நின்றுவிடுவதை ஆண்டுதோறும் வகுப்பறையில் காண்கிறோம். ஆய்வுக்குப் பதிவு செய்தவரும் இடையில் நின்றுவிடுகின்றனர். கட்டணம் பெரிதன்று, ஒரு சோடி வளையலின் விலைகூட வாராது. பெற்றோரிடம் நேரில் சென்று கேட்க நாம் அணியமாயிருக்கிறோம். சமுதாயப் பெரியவர்கள் உடன்வர வேண்டும்.