தொழிலாளரை நடிக்க அழைக்கும் திரைப்படங்களின் பொறுப்பு குறித்த நிலைப்பாடு

உழைக்கும் மக்களின் வாழ்வை மிகையின்றிக் காட்ட முற்படும் சமூக யதார்த்தத் திரைப்படங்கள், தொழில்முறை நடிகர்களை விடுத்து உண்மையான தொழிலாளர்களையே நடிக்க அழைப்பது நெடுநாள் வழக்கம். அவ்வாறு அழைக்கப்படுபவரின் பிழைப்புக்குப் படக்குழு பொறுப்பேற்க வேண்டுமா என்ற கேள்விக்கு, ஏற்றே ஆக வேண்டும் என்பது இத்திரைப்படச் சங்கத்தின் நிலைப்பாடு.

போருக்குப் பிந்தைய இத்தாலியில், அரங்குகளை விட்டுத் தெருவில் இறங்கிப் படமெடுத்த நியோரியலிச இயக்கத்தின் தலையாய படைப்பான 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்தில் கதைநாயகன் அந்தோனியோவாக நடித்த லாம்பெர்த்தோ மஜ்ஜோரானி, ப்ரெடா ஆலையின் தொழிலாளி. புகழ்பெற்ற ஹாலிவுட் நடிகரை நடிக்க வைத்தால் பணம் தருவதாக வந்த அமெரிக்கத் தயாரிப்பாளரின் யோசனையை மறுத்தே இயக்குநர் விட்டோரியோ டி சிகா அவரைத் தேர்ந்தார். மிதிவண்டியை மீட்பதற்காகப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கும் காட்சியில், கடை ஊழியர் அம்மூட்டையைச் சுமந்து உயரமான அடுக்கில் ஏறி, அங்கே குவிந்திருக்கும் எண்ணற்ற மூட்டைகளோடு அதையும் சேர்க்கிறார். ஒரு நகரமே தன் படுக்கையை அடகு வைத்துவிட்டதை வசனமின்றி உணர்த்தும் அக்காட்சியை, வேலையின்மையின் அச்சத்தை உடம்பால் அறிந்த ஒருவரின் முகமே நம்பத்தக்கதாக்குகிறது.

அந்த அச்சம் பின்னர் அவருக்கே மெய்யானது. ஆலைக்குத் திரும்பிய மஜ்ஜோரானி ஆட்குறைப்பில் வேலையிழந்தார். நடிப்பில் பெரும்பணம் ஈட்டியிருப்பார் என்ற எண்ணமும் அதற்குக் காரணமாயிற்று. அதன்பின் திரையில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேடங்களே. வறுமையைக் கண்டு உலகமே கண்ணீர் விட்ட படம், அதில் நடித்த தொழிலாளியைக் காக்கவில்லை என்பது இக்கலையின் மீதுள்ள தீராக் கடன்.

சொற்ப முதலீட்டில் எடுக்கப்படும் படங்களால் இச்சுமையைத் தாங்க இயலாது என்ற வாதத்தைச் சங்கம் அறியும். ஆயினும் முதலீட்டின் குறையைக் கூலிக்காரரின் தலையில் ஏற்றுவது, அப்படங்கள் எதிர்க்கும் சுரண்டலையே மீண்டும் செய்வதாகும். வேலைக்குச் செல்லாத நாட்களின் கூலிக்குக் குறையாத ஊதியமும், எழுத்து வடிவிலான ஒப்பந்தமும், அனைத்துக்கும் மேலாக, திரும்பிச் செல்ல வேலை இருக்கும் என்ற உறுதியை முதலாளியிடம் முன்கூட்டியே பெறுவதும் இன்றியமையாதவை. தேனிப் பகுதி மலையுழைப்பாளர் வாழ்வைச் சொன்ன 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) போன்ற படங்கள் தமிழில் பெருக வேண்டும் என்ற விருப்பத்தினாலேயே இது வலியுறுத்தப்படுகிறது.

இனித் தான் திரையிடும் ஒவ்வொரு தொழிலாளர் படத்தின் குழுவிடமும், நடித்த தொழிலாளருக்கு என்ன ஊதியம் தரப்பட்டது, அவர் இப்போது என்ன வேலையில் இருக்கிறார் என்று சங்கம் எழுதிக் கேட்கும்.