மூன்று இலக்கத்தில் அடங்குமா நம் நாணயம்?



மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் உறுப்பினர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தாராவித் தோல் பட்டறையில் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தைப்பவர். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடன் கேட்டு இருவரும் வங்கிக்குப் போனார்கள். அதிகாரி அந்தப் பெண்ணின் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டினார். "அப்பாவின் சிபில் ஸ்கோர் குறைவு, கடன் கிடையாது" என்றார். மகள் இரவும் பகலும் படித்து வாங்கிய மதிப்பெண் செல்லவில்லை. அப்பா எழுதாத பரீட்சையில் யாரோ அவருக்குப் போட்ட மதிப்பெண் குறுக்கே வந்து நின்றது!

"நான் யாரை அண்ணாச்சி ஏமாத்தினேன்?" என்று கேட்டார் அவர். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்லவே இதை எழுதுகிறோம். இன்று அவர் வீட்டு வாசலில் நிற்கும் இந்தக் கேள்வி, நாளை நம் ஒவ்வொருவர் வாசலிலும் நிற்கும்.

மதிப்பெண் போடுவது யார்?

சிபில் என்றால் ஏதோ சர்க்கார் அலுவலகம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு கம்பெனி. இன்று அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதைப்போல எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று கம்பெனிகள் உண்டு. 2005-ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியிடம் உரிமம் பெற்று நடப்பவை இவை. வங்கியும் நிதிக் கம்பெனியும் நம் கடன் கணக்கை இந்த நான்கு இடங்களுக்கும் அனுப்புகின்றன. அதை வைத்து 300 முதல் 900 வரை ஓர் எண் போடப்படுகிறது. 750-க்கு மேல் இருந்தால் நல்ல பிள்ளை என்பது வங்கிகள் வைத்துக்கொண்ட வழக்கம். இத்தனை இருந்தால்தான் கடன் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது? எந்தக் கடன், எவ்வளவு, எப்போது வாங்கியது, மாதாமாதம் தவணை எத்தனை நாள் தாமதம் என்பது இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் மூன்று இலக்கம். 000 என்றால் பாக்கி இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம்.

அதில் இல்லாதது எது? நம் கூலி இல்லை. சேமிப்பு இல்லை. ஊரில் இருக்கும் தாய்க்கு மாதம் தவறாமல் அனுப்பும் பணம் இல்லை. இருபது ஆண்டுகளாக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டும் ஏலச் சீட்டு இல்லை. "கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை மாட்டிய மளிகைக் கடைக்காரரே நம் முகத்துக்காக நோட்டில் எழுதி அரிசி கொடுக்கிறாரே, சம்பள நாளன்று நாமும் நேரே போய்க் கொடுக்கிறோமே, அந்த நாணயமும் அதில் இல்லை.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். இந்த எண் நம் மானத்தின் அளவுகோல் அல்ல. நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதிவைத்த பேரேட்டின் ஒரு பக்கம், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் காட்டி ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துகிறவர்களிடம் கேட்கிறோம்: பெருங் கம்பெனிகள் திருப்பிக் கட்டாத கடனை வங்கிகள் ஆண்டுதோறும் கோடிக் கோடியாகக் கணக்கிலிருந்து தள்ளிவைக்கின்றனவே, அங்கே காட்டாத கண்டிப்பைத் தோல் தைக்கிறவனிடம் காட்டுவது என்ன நியாயம்? 1969-இல் 14 வங்கிகளும் 1980-இல் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆனது எதற்காக? உத்தரவாதம் காட்ட முடியாதவனும் வங்கியின் படியேற வேண்டும் என்றுதானே!

பார்க்காமல் இருப்பது வீரமல்ல

ஆனால் தோழர்களே, கோபத்தோடு நின்றுவிட்டால் லாபம் கந்துவட்டிக்காரனுக்குத்தான். "அந்தக் கருமத்தை நாம் ஏன் பார்க்க வேண்டும்?" என்று நம் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நாம் பார்க்காவிட்டாலும் வங்கி பார்க்கிறது. கடனுக்கு மட்டுமல்ல, வேலைக்கும் பார்க்கிறது. ஒரு பொதுத்துறை வங்கி தான் தேர்ந்தெடுத்த ஒருவரின் பணி நியமனத்தை, கடன் வரலாறு சரியில்லை என்று ரத்து செய்தது. வங்கி செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. பிள்ளைகளை வங்கித் தேர்வுக்கு அனுப்பும் பெற்றோர் இதை மனதில் வையுங்கள்.

ரயில்வேயில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை தெரியும். மேலதிகாரி ரகசியக் குறிப்பேட்டில் நம்மைப் பற்றி எழுதுவார். பதவி உயர்வு நின்றபிறகுதான் ஏதோ எழுதியிருக்கிறார் என்பதே நமக்குத் தெரியும். ஊழியருக்கு இடும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகே அந்த ரகசியம் உடைந்தது. கடன் அறிக்கையும் அப்படிப்பட்ட குறிப்பேடுதான். ஒரே வித்தியாசம், இதைப் பார்க்கும் உரிமை ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. இருந்தும் நாம் பார்ப்பதில்லை!

2017 ஜனவரி முதல், இந்த நான்கு கம்பெனிகளும் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கு கம்பெனி, நான்கு அறிக்கை. மூன்று மாதத்துக்கு ஒன்று கேட்டு வாங்கினால் ஆண்டு முழுவதும் காசில்லாமல் நம் கணக்கை நாமே காவல் காக்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

அந்த அறிக்கையில் கண்டது

நம் உறுப்பினரின் அறிக்கையைச் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். இரண்டு கறைகள் இருந்தன.

ஒன்று, அவர் வாங்காத ஒரு பைக் கடன். எப்படி வந்தது? நமக்கு வடநாட்டுக்காரர்போலக் குடும்பப் பெயர் கிடையாது. முருகன் மகன் செல்வராஜ் என்றால் ஊரில் மு. செல்வராஜ். இங்கே பான் அட்டையில் செல்வராஜ் முருகன். ரேஷன் கார்டில் முருகன் செல்வராஜ். வங்கிக் கணக்கில் வெறும் செல்வராஜ். ஒருவர் நான்கு பேர் ஆகிறார். நான்கு பேர் ஒருவர் ஆகிறார்கள். அதே பெயர் கொண்ட யாரோ ஒருவரின் பாக்கி இவர் தலையில் ஏறியிருந்தது. ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது கறை பொய்யல்ல. 2018-இல் ஊர்க்காரர் ஒருவர் ஆட்டோ வாங்க இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். 2020-இல் ஊரடங்கு வந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. ஆனால் ஊருக்குப் போன நண்பர் அதன்பிறகும் கட்டவில்லை. பின்பு கம்பெனிக்காரன் "பாதி கொடு, முடித்துக்கொள்கிறேன்" என்றான், அவரும் கொடுத்தார். கடன் தீர்ந்தது என்று இருவரும் நம்பினார்கள். அறிக்கையிலோ "முடிக்கப்பட்டது" என்று இல்லை. "செட்டில்டு" என்று இருக்கிறது. அதாவது, முழுதாகக் கட்டவில்லை என்ற முத்திரை! கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் நின்றவருக்கும் உண்டு என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்கிறது. ஊர்ப்பாசத்தில் போட்ட கையெழுத்து, ஏழாண்டு கழித்து மகளின் படிப்பைப் பிடித்து இழுத்தது.

ஊர்ப்பாசம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பாசம் இல்லையென்றால் இந்த நகரத்தில் நாம் ஒருவரும் காலூன்றியிருக்க முடியாது. ஆனால் ஜாமீன் போட்டால் அந்தக் கடன் தவணை தவறாமல் போகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.

கையில் இருக்கும் ஆயுதங்கள்

தவறான பதிவு இருந்தால் கடன் தகவல் கம்பெனியிடமோ கடன் கொடுத்தவரிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு. திருத்த மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். 2022 செப்டம்பர் முதல் இந்தக் கம்பெனிகளும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன.

உண்மையான பாக்கியை யாராலும் அழிக்க முடியாது. "ஐயாயிரம் கொடுங்கள், சிபிலைச் சுத்தம் செய்கிறேன்" என்று வரும் தரகன் திருடன். மருந்து ஒன்றுதான்: தவணையை நாள் தவறாமல் கட்டுவது. கிரெடிட் கார்டு இருந்தால் முழு வரம்பையும் உறிஞ்சாமல் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துவது. ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பம் போடாமல் இருப்பது. கடன் முடிந்ததும் பாக்கியில்லை என்ற சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டுவது. செல்போனில் இரண்டு நிமிடத்தில் கடன் தரும் ஆப்பைத் தொடாமல் இருப்பது. தொட்டே ஆக வேண்டுமென்றால் அதன் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிறுவனம் இருக்கிறதா என்று பார்ப்பது.

இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு ஒரு சொல். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை, 2025 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை இணையமைச்சர் மக்களவையிலேயே சொன்னார். வங்கியில் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

நாம் கேட்பது

கல்விக் கடனை ஸ்கோர் குறைவு என்று மட்டும் சொல்லி மறுக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. "அது கேரளம், இது மும்பை" என்பார் அதிகாரி. நியாயத்துக்குமா மாநில எல்லை? பயிர்க்கடனுக்கு சிபில் கேட்கக் கூடாது என்று 2025 மே மாதம் மகாராஷ்டிர முதலமைச்சர் வங்கியாளர்களைக் கண்டித்தார். விவசாயிகள் அமைப்பாக நின்று குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆகவே ஆட்சியின் காதில் விழுந்தது. பட்டறைத் தொழிலாளியின் குரல் எப்போது விழும்?

ஆகவே நாம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு. கடன் வாங்கியவர் முதல் தவணை தவறியதுமே ஜாமீன்தாரருக்குத் தெரிவி. எண் ஒன்றை மட்டும் பார்க்காதே. வாடகை ரசீதையும் சம்பளச் சீட்டையும் சங்கத்தின் சீட்டுப் பதிவேட்டையும் சேர்த்துப் பார். கடன் விவரத்தாளைத் தமிழில் கொடு. இந்த நான்காவது பிச்சையல்ல, விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய விவரத்தாள் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. கேளாமல் கொடுக்கமாட்டான், ஆகவே கேளுங்கள்.

நம் உறுப்பினரின் கதைக்கு வருவோம். பைக் கடன் இருபத்து நான்காவது நாளில் அறிக்கையிலிருந்து நீங்கியது. ஆட்டோக் கடனின் மீதிப் பாக்கியை ஊர்க்காரரை வரவழைத்துப் பேசி மூன்று தவணையில் கட்டவைத்தோம்; முழுதாக முடிந்தது என்ற கடிதமும் வந்துவிட்டது. மகளின் விண்ணப்பம் மறுபடியும் வங்கியில் இருக்கிறது. இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை பதில் இல்லை. முதல் பருவக் கட்டணத்துக்குத் தாயின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. அந்தப் பெண் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வளையல் மீளும் வரை சங்கம் அந்த வங்கியின் வாசலை விடப்போவதில்லை.

இனி மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கைகளைப் படிப்போம். பான் அட்டையும் செல்போனும் எடுத்து வாருங்கள். போனில் வரும் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள், எங்களிடமும் சொல்லாதீர்கள். வீட்டுப் பெண்கள் கட்டாயம் வரவேண்டும். குழுக் கடன்களில் கையெழுத்துப் போட்டிருப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். நூறு பேர் தங்கள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றாகப் படியேறினால், எந்த அம்பலம் நம்மைக் கீழே நிறுத்திவிட முடியும்? வாருங்கள், படிப்போம்! பொய்யைத் திருத்துவோம்! நியாயத்தைக் கேட்டு வாங்குவோம்!