படத்தில் நின்றவர் யார்?

சென்ற மாதம் பாறசாலைக்கு அருகே உறவினர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கூடத்துச் சுவரில் ஒரு குடும்பப் படம். நடுவே மூதாட்டி; இருபுறமும் அயல்நாடுகளில் வாழும் அவருடைய மூன்று புதல்வர்கள்.

"இஃது எந்த ஆண்டு எடுத்தது, பாட்டி?" என்று பேரன் வினவினான்.

பாட்டி நகைத்தார். "பிழைப்புக்காகப் பிரிந்த பின் மூவரும் ஒருசேர என் அருகில் நின்ற நாளே இல்லை, மக்களே! அவரவர் அனுப்பிய படங்களைக் கணிப்பொறியில் சேர்த்துத் தந்தார்கள்."

அன்பர்களே! படத்தில் மாயம் செய்வது இன்று தோன்றிய கலையன்று. நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் உள்ளது நேமம். அங்கே, நாகர்கோவிலில் பிறந்த பி. சுப்பிரமணியம் 1951-இல் மெரிலாண்ட் ஸ்டுடியோவை நிறுவினார். 'குமாரசம்பவம்' (1969), 'சுவாமி ஐயப்பன்' (1975) ஆகியவை அவர் அளித்த புராணப் படங்கள். புராணப் படமென்றாலே மாயக் காட்சி வேண்டும். நடிகர்களை அசையாது நிற்கச் செய்து காமிராவை நிறுத்துவர். ஒருவரை மட்டும் விலக்கிவிட்டு மீண்டும் ஓட்டுவர். திரையில் அவர் மாயமாய் மறைந்துவிடுவார்.

இரட்டை வேடம் இன்னும் கடினம். 1940-இல் 'உத்தம புத்திர'னில் பி. யு. சின்னப்பா இரு வேடம் பூண்டார். இத்தகைய காட்சிகளுக்குப் பழைய முறை இதுதான்: காமிராவின் முன்னே பாதியை மறைத்து மறுபாதியில் நடிகரைப் படமெடுப்பர், பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மாற்றி, அவரையே வேறு உடையில் நிறுத்தி மீண்டும் எடுப்பர். இடையில் காமிரா இம்மியும் அசையலாகாது, ஒளியும் மாறலாகாது. தவறினால் இரண்டும் பாழ்.

1984-இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தா'னில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்தனர். அறையையே காமிராவுடன் சேர்த்துச் சுழற்றி எடுத்த காட்சி அது. மாயமே ஆயினும் குழந்தைகள் அங்கே நடந்தது மெய்.

கணிப்பொறி செய்வது வேறு. டிஜிட்டல் படம் என்பது எண்களாகப் பதிந்த புள்ளிகளின் தொகுப்பு. எண்ணை மாற்றினால் உருவம் மாறும்; வராதவரும் வந்து நிற்பார். அன்றும் நெகடிவில் பென்சிலால் முகத்தைத் திருத்தியவர் உண்டு. எனினும் நெகடிவைக் கூர்ந்து நோக்கினால் பென்சில் தடம் தெரியும். இன்றோ, திருத்திய படத்தை மூலத்தின் மீதே பதிந்துவிட்டால் மூலம் அழிந்துபோம்.

பிரிந்து வாழும் நமக்கு இத்தகைய படம் ஆறுதலே. அதனைக் குறை கூறேன். ஆயினும் பாட்டி இருக்கும்வரை கேட்டறியலாம்; அவருக்குப் பின் அப்படமே சாட்சியாகிவிடும். மகன் வராத ஆண்டுகளை அது மறைத்துவிடும். அவ்வாண்டுகளும் நம் குடும்ப வரலாறு அல்லவா?

ஆதலின், மூலப் படங்களைத் தனியே காத்து வையுங்கள். சேர்த்த படத்தின் பின்புறத்தில் எவர் சேர்க்கப்பட்டார், எவ்வாண்டு என்று எழுதுங்கள்.

அன்று பேரன் படத்தைக் கழற்றினான். பாட்டி ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவன் எழுதினான். மூன்றாவது பெயரைச் சொல்லும்போது மட்டும் பாட்டி சற்றுத் தாமதித்தார். அவர் ஊர் வந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றனவாம்.