மரைக்கு ஏது குலம்?

தோழா!

பட்டறையிலே பாடுபடுபவன் நீ. மரை வெட்டுவது எப்படி என்று உனக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. உன் கை எனக்குக் கற்றுத்தந்த பாடத்தை, டில்லியிலே திட்டம் தீட்டுவோர் காதிலும் விழும்படி சொல்லவே வந்தேன்.

பத்து மில்லி போல்ட் ஏற வேண்டும். மரைக்கு மரை இடைவெளி ஒன்றரை மில்லி. ஆகவே, எட்டரை மில்லித் துளை போடுகிறாய். வைஸிலே இறுக்குகிறாய். முதல் டேப்பை நிறுத்தி மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறாய். டேப் சாய்ந்தால் மரையும் சாயும் அல்லவா? எண்ணெய் விடுகிறாய். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, சீவல் முறிகிறது, மறுபடி முன்னே. பிறகு இரண்டாம் டேப். அடியடைத்த துளையானால் மூன்றாம் டேப். அவசரப்பட்டால் டேப் முறிந்து துளைக்குள்ளே மாட்டிக்கொள்ளும். டேப்பும் போயிற்று, வேலையும் போயிற்று! இரும்பு இணங்குகிறதா, முரண்டு பிடிக்கிறதா என்பதைக் கண்ணுக்கு முன்பே கை சொல்லிவிடும்.

அந்தக் கைக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? பிறப்பிலிருந்தா? பாட்டன் எழுதிவைத்த சொத்தா? இல்லை, தோழா, இல்லை! பயிற்சி தந்தது. ஐ.டி.ஐ.யிலே பிட்டர் படிப்பு இரண்டு ஆண்டு. உழவன் மகனும், சலவைத் தொழிலாளி மகளும், மீனவர் வீட்டுப் பிள்ளையும் அங்கே அடுத்தடுத்த வைஸிலே நிற்கலாம். "உன் அப்பன் யார்?" என்று எந்த டேப்பும் கேட்டதில்லை.

ஆனால், டில்லி கேட்கிறது!

2023 செப்டம்பர் 17-ல் துவக்கினார்கள் விசுவகர்மா திட்டத்தை. கொல்லர், பூட்டுச் செய்பவர், முடிதிருத்துபவர், சலவை செய்பவர், செருப்புத் தைப்பவர் என்று 18 தொழில்கள். கருவி வாங்க ரூ.15,000, முதலில் ஒரு லட்சம், அடுத்து இரண்டு லட்சம் கடன், வட்டி 5 சதவீதம். நல்லதுதானே என்பாய். விதியைப் படித்துப் பார்! குடும்பவழிப் பாரம்பரியத் தொழிலாம்! வயதோ, 18 நிரம்பினால் போதுமாம்!

ஆயுளெல்லாம் உலைக்களத்திலே வெந்த கொல்லருக்குக் கடன் கொடுங்கள், கைகூப்பி வரவேற்போம். பதினெட்டு வயது, படிப்பின் வாசலிலே நிற்கவேண்டிய வயது. அந்தப் பிள்ளையைப் பார்த்து, "அப்பன் தொழிலுக்குத் திரும்பு, லட்சம் தருகிறேன்" என்றால், அது உதவியா, தூண்டிலா?

"எந்தச் சாதியாரும் சேரலாமே" என்று சமாதானம் கூறுகிறார்கள். அப்படியானால் 'குடும்பவழி' என்ற சொல் எதற்கு? அதை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்றுதான் தமிழ்நாடு கேட்டது. டில்லி இணங்கவில்லை. இந்த வடிவிலே ஏற்க இயலாது என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் எழுதினார். 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் துவங்கியது: 25 தொழில்கள், 35 வயது நிரம்பியவர்களுக்கு, குடும்பம் எது என்ற கேள்வியே இல்லாமல்!

பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்தாரே, குலக்கல்வி! 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. தொழிலை அன்றும் நாம் பழித்ததில்லை. பிறப்பைக் காட்டித் தொழிலை ஒதுக்குவதைத்தான் எதிர்த்தோம்.

மரையின் வரலாற்றையே பாரேன்! 1800 வாக்கிலே, இங்கிலாந்தில் மரை கடையும் லேத்தைச் செம்மையாக்கிய ஹென்றி மாட்ஸ்லே, வண்டிச்சக்கரம் செய்தவரின் மகன். பன்னிரண்டு வயதிலே ஆயுதசாலையில் தோட்டா நிரப்பினார், பிறகு தச்சுப் பட்டறை, பிறகு கொல்லுலை. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த்தோ, ஓர் ஆசிரியரின் மகன். பட்டறைக்கொரு மரை என்றிருந்த குழப்பத்தைக் கண்டு, பல பட்டறைத் திருகாணிகளைத் திரட்டி அளந்து, 1841-ல் 55 பாகைக் கோணத்தில் பொது அளவு வகுத்தார். ஓர் ஊர் போல்ட் மற்றோர் ஊர் நட்டிலே ஏற வழி பிறந்தது. இருவரையும் அப்பன் தொழிலிலே கட்டிப்போட்டிருந்தால்?

தோழா! டேப் சாய்ந்து ஏறினால், மேலும் முறுக்கிப் பயனில்லை. பின்னே திருப்பி எடுத்து, மட்டம் பார்த்து, மறுபடி வைக்க வேண்டும். டில்லி செய்யவேண்டியதும் அதுதான்.

நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. சொந்தக்காரப் பையனுக்கு மட்டுமே நுணுக்கத்தைச் சொல்லும் பட்டறைகள் நம்மிடையே இல்லையா? உன் வைஸுக்குப் பக்கத்திலே எந்தத் தெருப் பிள்ளை வந்து நின்றாலும், பெயரைக் கேள், ஊரைக் கேள், குலத்தைக் கேளாதே. டேப்பைக் கையிலே கொடு!