மலை காணா மலைச் சைக்கிள்கள்

வரிப்பத்தான்சேனை வீதிகளில் இப்போது தடித்த ரயரும் நேரான கைபிடியும் பூண்ட சைக்கிள்கள் பல ஓடக் காண்கிறோம். மலைச் சைக்கிள் என்பது அவற்றின் பெயர். ‘மவுண்டன் பைக்’ என்றே பிள்ளைகள் சொல்லுவர். அவற்றுள் எத்தனை மலையைக் கண்டிருக்கும்? காலையிற் பாடசாலை, மாலையில் மைதானம், இடையில் உம்மா சொன்ன சாமானுக்குக் கடைவரை ஓர் ஓட்டம், அவ்வளவே. கிழக்கே கடல்வரை வட்டையும் வாய்க்காலுமாகக் கிடக்கும் எமது பகுதியிற் குளக்கட்டில் ஏறும்போதன்றிக் கியரை மாற்ற வேண்டிய தேவையே எழுவதில்லை.

“மலைச் சைக்கிளுக்கு மலை எங்கே, சேர்?” என்று மாணவர் கேட்பது நியாயமே. விடை சற்றுச் சுற்றியே வரும், நேயர்கள் பொறுத்தருள்க.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, மாரின் என்னும் மாவட்டம் உண்டு. அதன் நடுவே நிற்பது தமல்பைஸ் மலை. (பெயரின் முற்பாதியைக் கண்டு எம்மவருட் சிலர் தமிழர் அங்கும் சென்றனர் என்று கட்டுரை தீட்டப் புறப்படலாம், வேண்டாம். அது அந்நிலத்தின் ஆதிக் குடிகளான மீவொக் மக்களின் சொல்.) 1970களில் அவ்வூர் இளைஞர் சிலர், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பாரமான பழைய சைக்கிள்களைக் குப்பைக் கிடங்குகளிலிருந்து தேடியெடுத்து, அவற்றின் பருத்த ரயர்களை நம்பி மண்பாதைகளிற் குன்றிறங்கத் தொடங்கினர். 1976 ஒக்டோபர் மாதத்தில் ‘றீபக்’ என்னும் பாதையில் முதலாவது போட்டி நடைபெற்றது. ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம்!

அப்பெயர் வந்த காரணம் பௌதிகம் பயில்வோர் அறியத்தக்கது. அப்பழைய வண்டிகளிற் பிறேக் பின்சில்லின் குடத்தினுள் இருந்தது; மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் அது பற்றும். ஓட்டுபவரும் வண்டியுமாக 80 கிலோ எனக் கொள்க. 1,300 அடி இறங்குகையில் விடுபடும் சக்தி, ஒரு லீற்றர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. அதன் பெரும்பகுதி அச்சிறிய குடத்துக்குள் வெப்பமாக இறங்கினால் உள்ளேயுள்ள கிறீஸ் உருகிப் புகையாகப் போகாமல் என் செய்யும்? ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ‘மீண்டும் அடைத்தல்’ என்பதே றீபக் என்ற சொல்லின் பொருள்.

1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இத்தொழிலுக்கென்றே புதிய சட்டம் ஒன்றை அமைத்தார். 1979இல் கேரி பிஷரும் சார்ள்ஸ் கெலியும் மலைச் சைக்கிள் விற்கும் கடையைத் திறந்தனர். 1996இல் அற்லாண்டா நகரில் இது ஒலிம்பிக் போட்டிகளுள் ஒன்றாயிற்று. இருபதே ஆண்டுகளில், குப்பைக் கிடங்கிலிருந்து ஒலிம்பிக் வரை!

இனி அந்நிலத்தைப் பார்ப்போம். உருண்டு உருண்டு செல்லும் குன்றுகள்; கோடையிற் பொன்னிறமாய்க் காயும் புல்; இடையிடையே குடைவிரித்தாற்போல் ஓக் மரங்கள். ஓக் மரத்தைத் தமிழிற் கருவாலி என்று எழுதுவோர் உளர். ஆயினும் அக்குடும்பத்து மரம் எதுவும் இலங்கையில் இயற்கையாய் வளர்வதில்லை. எமது காடுகளில் நிற்கும் கூழாமரத்தை, சிங்களவர் ‘கோன்’ என்பதை, ‘இலங்கை ஓக்’ என்று ஆங்கிலேயர் அழைத்தனர். அது ரம்புட்டானுக்கு உறவேயன்றி ஓக்குக்கு உறவன்று. ஊர்விட்டு வந்தவனுக்குக் காணும் மரமெல்லாம் ஊர்மரமாய்த் தோன்றுவது இயல்புதானே!

ஓக் இல்லை, ஆனால் அத்தகைய நிலம் எம்மிடம் இல்லையா? மேற்கே பாருங்கள். கல்லோயாத் தேசியப் பூங்காவின் ஒரு பெரும்பகுதி, மரம் விரவிய புற்குன்றுகளே. அடர்காடுமன்று, வெறுவெளியுமன்று, இத்தகைய புல்வெளியைச் சிங்களத்தில் ‘தலாவ’ என்பர். ஓக் நிற்கவேண்டிய இடத்தில் அங்கு நிற்பவை எவை தெரியுமா? கடுக்காய், தான்றி, நெல்லி. எங்கள் பாட்டிமார் மருந்துப் பெட்டியில் திரிபலா என்று பொடித்து வைத்த மூன்றும் அக்குன்றுகளில் தாமே காய்க்கின்றன. கலிபோர்ணியாவின் ஆதிக்குடிகள் ஓக்கின் கொட்டையை மாவாக்கி உண்டனர்; எம்மவர் இக்காய்களை மருந்தாக்கினர்.

ஒப்புமை இத்துடன் நிற்கவில்லை. மாரின் குன்றுகளில் ஒரு பகுதி, அவ்வூருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த ஏந்துநிலம். நீர் வழங்கும் சபைக்கே சொந்தம். கல்லோயாப் பூங்காவும் அவ்வாறே. பட்டிப்பளை ஆறு என்று எம் முன்னோர் அழைத்த கல்லோயாவை இங்கினியாகலவில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியபின், அதன் ஏந்துநிலத்தைக் காப்பதற்கென்றே 1954இற் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. அங்கு குன்றின் மண் சரிந்தால் சமுத்திரம் தூரும். சமுத்திரம் தூர்ந்தால் அம்பாறைக் கரையோரத்து வேளாண்மை வாடும். குன்றிற் செல்லும் சில்லுக்கும் வட்டையில் விளையும் நெல்லுக்கும் இத்துணை நெருங்கிய உறவு உண்டு.

ஆகவே மலைப்பாதை என்பது கண்டபடி இறங்கும் தடமன்று. மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து போகவேண்டும். பாதை வழியே ஓடலாகாது. ஓடத் தொடங்கினாற் பாதை வாய்க்காலாகும், வாய்க்கால் ஓடையாகும். பாதை அமைப்போர் இதற்கு ஓர் எளிய விதி வைத்திருக்கின்றனர்: பாதையின் சரிவு, அது செல்லும் குன்றின் சரிவிற் பாதியை மிஞ்சலாகாது. குன்று நூற்றுக்குப் பதினாறு சரிந்தாற் பாதை எட்டுக்கு மேற் சரியக்கூடாது. எனவே அது நேரே இறங்காமற் குன்றின் இடுப்பைச் சுற்றியே செல்லும். தளமும் பள்ளப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். இடைக்கிடை சிறிது ஏறி இறங்கும். வாய்க்கால் வெட்டும் எமது வேளாளர் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினால், “இதுக்குப் பொஸ்தகமும் வேணுமா தம்பி?” என்று கேட்பார் என்பது எமது துணிபு. நீரை ஓடவிட விரும்புவோனும் ஓடாமற் தடுக்க விரும்புவோனும் கற்கும் பாடம் ஒன்றுதான்.

மாரினில் இவ்விதிகள் சண்டையின்றி வரவில்லை. 1980களில் நடப்போரும் குதிரையேறுவோரும் சைக்கிள்காரர் மீது முறையிட்டனர். ஒடுங்கிய பாதைகள் பல சைக்கிளுக்கு மூடப்பட்டன. மணிக்கு 15 மைல் என வேக எல்லையும் விதிக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் ஓக் மரங்களைத் திடீரெனக் கொல்லும் நோயொன்று அங்கு காணப்பட்டது. அந்நோயின் வித்துக்கள் ஈரச் சேற்றோடு ஒட்டிச் செல்லக்கூடியவையாதலால், சப்பாத்தையும் ரயரையும் கழுவிவிட்டே வேறு காட்டுக்குச் செல்லுமாறு மக்கள் கேட்கப்பட்டனர். தாம் நேசித்த மரத்துக்குத் தமது சில்லே நஞ்சு சுமக்கலாம் என்று அறிந்தபோது அவ்விளைஞர் மனம் எப்படியிருந்திருக்கும்!

அப்படியாயின் எமது பிள்ளைகள் கடுக்காய்க் குன்றுகளுக்குச் சைக்கிளிற் புறப்படலாமா? ஆகாது என்றே சொல்லுவோம். அனுமதியின்றிப் பூங்காவினுட் புகுவது குற்றம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் யானை. 2023 என்ற ஓராண்டில் மாத்திரம் இலங்கையில் 150க்கு மேற்பட்ட மனிதர் யானைகளால் இறந்தனர். 400க்கு மேற்பட்ட யானைகளும் இறந்தன. சத்தமின்றி வளைவில் திரும்பும் சைக்கிள், யானைக்கு முன் சட்டென்று தோன்றும். யானைக்கும் திகைப்பு, ஓட்டுபவனுக்கும் திகைப்பு. யானையின் திகைப்பே பெரிது. பூங்காவின் வேலிக்கு வெளியேயும், மாலை கவிந்தபின் காட்டோர வழிகளிற் பிள்ளைகளை விடவேண்டாம் எனத் தந்தைமாரை வேண்டிக்கொள்ளுகிறோம்.

மலையே வேண்டும் என்போர் மலைநாட்டுக்குச் செல்லலாம். கண்டியிலிருந்து நுவரெலியாவரை, பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பெக்கோ’ நடைபாதை 22 பகுதிகளாக அமைக்கப்பட்டுள்ளது. நடப்போரை முதன்மையாக எண்ணியது. சில பகுதிகளிற் சைக்கிளும் செல்லும்.

ஊரில் இருப்போருக்கோ, எமது எண்ணம் வேறு. 2022இற் பெற்றோல் இல்லாதபோது எத்தனை வீடுகளின் மூலையிற் கிடந்த பழைய லுமாலாக்கள் வெளியே வந்தன! உத்தியோகத்தரும் ஆசிரியரும் போடியார் பிள்ளைகளும் ஒன்றாய் மிதித்தனர். பெற்றோல் வந்தது, சைக்கிள்கள் மீண்டும் மூலைக்குப் போயின. அந்நாட்களில் எத்தனை குறுக்கு வழிகளை நாம் கண்டுபிடித்தோம்! இறக்காமம் குளத்தின் பக்கமும், வட்டைகளுக்கிடையே செல்லும் வண்டிப்பாதைகளும் மண்பாதை ஓட்டம் பழகப் போதுமானவை. குன்று இல்லாவிடினும் மணலும் மேடும் வளைவும் உண்டு.

கியரையும் அங்கேயே கற்கலாம். முன்னே 42 பல், பின்னே 14 பல் எனின் ஒரு மிதிக்குச் சில்லு மூன்று சுற்றுச் சுழலும்; முன்னே 24, பின்னே 32 எனின் முக்காற் சுற்றே சுழலும், கால் நோகாது. மேட்டின் நடுவில் நின்று மாற்றாதீர், அடியிலேயே மாற்றிவிடுங்கள். மண்ணிற் செல்லும்போது ரயரின் காற்றைச் சற்றே குறைத்தாற் பிடிப்பு மிகும். இறக்கத்தில் முன்பிறேக்கை மாத்திரம் அழுத்துவோர் கைபிடிக்கு மேலாகப் பறப்பர்.

பாதையைப் பேணுவது யார் என்று கேட்கலாம். 1981 முதற் கல்லோயா இடதுகரையில், ஒவ்வொரு வயல்வாய்க்காலுக்கும் கமக்காரர் சிறு குழுக்களாய்க் கூடி, தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கி நீரைப் பங்கிட்ட முறையை உலகெங்கும் நீர்ப்பாசன அறிஞர் எழுதி வைத்திருக்கின்றனர். பாடசாலைச் சாரணரும் சைக்கிள் பிரியரும் அவ்வழியே ஒரு பாதைக்கு ஒரு குழுவாகக் கூடலாம். மண்வெட்டிக்குப் பஞ்சமில்லை.

காலம் ஒன்றே கவனிக்க வேண்டியது. மாரியில் வரம்பும் கட்டும் ஊறிக் கிடக்கும். அப்போது பதியும் சில்லுத் தடம் அடுத்த மழைக்கு நீரின் வழியாகும். குளக்கட்டின் மேற்புறத்தில் அது நேர்ந்தால் விளையாட்டன்று. நீர்ப்பாசனத் திணைக்களத்தார் கோபித்தால் நாம் அவர்கள் பக்கமே நிற்போம். பெரும்போக அறுவடை முடிந்து, சூடும் மிதித்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் ஒரு சில வாரங்கள் கிடைக்கும். மண் காய்ந்திருக்கும், வயற்காரருக்கும் இடைஞ்சல் இராது. அவ்விடைவெளியில், விடுமுறை நாளொன்றில், சூரியன் நன்றாக ஏறியபின் ஆறேழு பேராகப் புறப்பட்டு, உச்சிப் பொழுதுக்குமுன் வீடு திரும்புங்கள். ஒரு தண்ணீர்ப் போத்தலும், ரியூப் ஒட்டும் சாமானும், காற்றடிக்கும் பம்பும் கையில் இருக்கட்டும். வட்டைக்குள் ஒட்டுக் கடை கிடையாது.